நிறுத்தி வைத்த மிஷின்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

என் வீட்டுக்காரருக்குக் கேன்சர் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தோம். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் ஓடும் நிட்டிங் மிஷின்களை மகன் அன்றைக்கே நிறுத்திவிட்டான்.

இன்று காலை வலிக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் அவர் நேராகவே கேட்டார்: "கடைசியில எப்படிங்க இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஆயுத பூசைக்கும் எழவுக்கும்தான அம்மிணி நம்மூட்ல மிஷின் நிக்கும்? ஆயுத பூசை இன்னும் வரலியே."

நர்ஸைத் தடுக்க வாயெடுத்தேன். ஆனால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மூச்சு விட்டுவிட்டு வருமாம். பாதம் சில்லிட்டுப் போகுமாம். காது மட்டும் கடைசிவரை கேட்கக்கூடுமாம்.

"அப்ப மிஷினை ஓட்டச் சொல்லு" என்றார்.

"அந்தச் சத்தத்துல நான் பேசறது உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?"

"கண்ணாலமான நாள்லருந்து அந்தச் சத்தத்துலதான பேசீட்டிருக்கற? கேக்கும்."

சாயங்காலம் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. அவர் உடனே தூங்கிப்போனார்.

கேட்கும், சரி. நான் என்ன சொல்வது? இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி நான் சொன்னதெல்லாம் சோறு ஆறுகிறது, நூல் லோடு வந்திருக்கிறது என்பதுதான்.