நீ ஒழுங்காக அடைத்த ஒரே பொந்து

செல்லூர்,
புதன்கிழமை, காலை பத்து மணி

அன்புத் தம்பி மருதுவுக்கு, உன் அக்கா முருகம்மாள் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று இப்போதைக்குக் கேட்கப் போவதில்லை.

முதலில் என் மானம் போன கதை. இன்று காலை கிரிதர் சார் குளித்துக்கொண்டிருந்தபோது, குளியலறையின் வெளிச்சுவரில் ஏணி போட்டு ஏறி, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஒட்டுக்கேட்டேன். தெருவே பார்த்தது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஐம்பது வயதில் எனக்கு இப்படி ஒரு பேர்.

நான் கேட்டது ஆந்தைக் குஞ்சுகளை. வீடு கட்டும்போது சாரக்கம்பு செருக விட்ட பழைய குழியை நேற்று நீ அடைத்தாயே, அதற்குள் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

போன வாரம் அந்தப் பொந்தை எனக்குக் காட்டியதே நீதான். 'எக்கா, மூணும் நம்ம மேஸ்திரி மாதிரியே முழிக்குதுக பாரு' என்று சிரித்தாய். நான் பரவையில் மகள் வீட்டுக்குப் போன ஒரே நாளில் அதை அடைத்துவிட்டு, விடிந்ததும் திண்டுக்கல் வேலைக்குப் பஸ் ஏறிவிட்டாய். ஆந்தை இருந்தால் தன் மகள் கல்யாணம் தட்டிப்போகும் என்று கிரிதர் சாருக்குப் பயம், அடைக்கச் சொன்னார். உனக்கு என்னடா பயம்?

பதினெட்டு வருஷம் உனக்குக் கலவை தூக்கியவள் நான். நீ பொந்து அடைக்கும் லட்சணம் எனக்குத் தெரியாதா? சிமெண்டுச் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே ஒரு விரல்கடை பூசி, 'மலை மாதிரி நிக்கும்' என்பாய். அதை நம்பித்தான் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். முழுச் செங்கல் வைத்துக் கெட்டியாகப் பூசியிருக்கிறாய். வாழ்நாளில் ஒழுங்காக வேலை செய்ய உனக்கு நேற்றுத்தான் நாள் கிடைத்ததா?

தாயும் தகப்பனும் ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கின்றன. விடிந்தும் கரண்டுக் கம்பியை விட்டு நகரவில்லை. ஒன்றின் வாயில் பல்லி. சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தெருவில் மிச்சமிருக்கும் சுண்ணாம்புச் சுவர் இது ஒன்றுதான். புதுக் கட்டடங்களில் அந்தப் பல்லி நுழையவே இடமில்லை, ஆந்தை எங்கே போகும்?

கிரிதர் சார் சம்சாரம் நாகலக்ஷ்மி அம்மா அவரோடு சண்டை போட்டார்கள். கடைசியில் அவர், 'பூசினவனே வந்து உடைக்கட்டும், வேற யாரும் சுவத்துல கை வைக்கப்படாது' என்று இறங்கி வந்தார். உள்ளே பொந்து எந்தப் பக்கம் வளைகிறது என்றும் உனக்குத்தான் தெரியும். நான் உடைத்தால் செங்கல் குஞ்சுகள் மேல் விழும்.

ரிங் போகிறது, நீ எடுக்கவில்லை. திட்டுவேன் என்று தெரிந்திருக்கிறது. அதனால் பதினொரு மணி பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு வரும் சிவபாண்டி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடி. உள்ளே சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. வந்தால் திட்ட மாட்டேன், சோறு போடுகிறேன். நீயும் உன் பிள்ளைகளும் மூச்சுக்குக் குறைவில்லாமல் நல்லா இருக்கணும்டா.

இப்படிக்கு,
முருகம்மாள்

பி.கு.: காற்றாவது போகட்டும் என்று இப்போது பொந்துக்குப் பக்கத்தில் உளியால் சின்னதாக ஒரு துளை போட்டேன். அங்கே இருந்தது குளியலறைக் குழாய். தண்ணீர் தெருவில் போகிறது. நாகலக்ஷ்மி அம்மா தலையில் சீயக்காயோடு உள்ளே இருக்கிறார்கள். வரும்போது முக்கால் இஞ்சுக் குழாய் ஒரு துண்டு வாங்கி வா.