மாவுக்கட்டுப் பிரிச்சாச்சு, மச்சான்

அன்புக்கும் அடிதடிக்கும் உரிய மச்சானுக்கு,

மேலே சவுக்கியமா? உன் தங்கையும் அங்கேதானே இருக்கிறாள். சோற்றில் உப்பு கூடினால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. நான் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

இங்கே ஒரு சேதி. என் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு போட்டு, இன்று காலை பிரித்தும் ஆகிவிட்டது. எப்படி முறிந்தது என்று உனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். நீ போன பிறகும், சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு நாற்காலி போட்டுவிடுகிறேன். பழக்கம். அன்றைக்கு உன் நாற்காலி தடுக்கி விழுந்து கையை ஊன்றினேன். செத்தும் உன் வம்பு போகவில்லை பார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "தோல் கிழியல, உள்ளுக்குள்ளதான் முறிஞ்சிருக்கு. முனை கொஞ்சம் விலகிடுச்சு. இழுத்து நேராக்கிக் கட்டிட்டா தானா கூடிக்கும்" என்றார். முதலில் ரத்தம் கட்டுமாம், அதில் நார் போல ஒன்று வளருமாம், அதுவே இறுகி எலும்பாகுமாம். மைன்ஸில் நாம் கன்வேயர் பெல்ட் ஒட்டுவோமே, அதேதான். ஒட்டு இறுகும்வரை பெல்ட்டை ஓட்டவிடாமல் காவல் இருப்போமே! ஆனால் நமக்கு ஸ்டோரிலிருந்து ரப்பர் வர வேண்டும். எலும்பு யாரையும் கேட்பதில்லை.

கட்டு இருந்தவரை எனக்கு ராஜ மரியாதை. மகனும் மருமகளும் ஷிஃப்டுக்குப் போனதும் பிளாக்கே வந்து விசாரித்தது. ஆளுக்கொரு கதை விட்டேன். மளிகைக்கடை பாய்க்கு, தலையில் விழ வந்த பலாப்பழத்தைக் கையால் தடுத்த கதை. எதிர் வீட்டு மேகலாதான் மடக்கினாள்.

"என்னா தாத்தா, அன்னிக்கி பன்னி முட்டுச்சின்னீங்க, இப்ப மாடுன்றீங்க?"

"எம்மாம் பெரிய கட்டு போட்டுக்கினு ஒக்காந்திருக்கேன், பன்னின்னா எவன் நம்புவான்?"

சிரித்துக்கொண்டே, எனக்கென்று கொண்டுவந்த ரசத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் இன்று டாக்டரம்மாவிடம், "இன்னுங் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எல்லாரும் எப்ப எடுப்பீங்கன்னு நச்சரிப்பாங்க, நீங்க வேணும்ன்றீங்களே! எலும்பு நல்லா கூடிடுச்சுங்கய்யா. இனிமே கட்டு இருந்தாதான் கெடுதல். அசைக்காமயே வச்சா மூட்டு இறுகிப்போயிடும்."

வெட்டி எடுத்தார்கள். உள்ளே தோல் உரிந்து, ஒல்லியாக, வேறு எவனுடைய கையோ மாதிரி இருந்தது.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தேன். மேகலா ஸ்கூட்டியில் போகிற போக்கில், "சரியாயிடுச்சா தாத்தா, அப்பாடா!" என்றாள். நிற்கவில்லை. அப்புறம் யாருமே வரவில்லை. ஆறிப்போன கையை எவர் விசாரிப்பார், சொல்? நீ இருந்தால், கோணலாகக் கூடியிருக்கிறது என்றாவது என்னை வம்புக்கு இழுத்திருப்பாய். நான் இந்தக் கையாலேயே உன்னை அடிக்க வந்திருப்பேன்.

ஒன்று மட்டும் சத்தியம் மச்சான். நாளையிலிருந்து யார் வருவார் என்று உட்கார்ந்திருக்க மாட்டேன். கையை அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? முதல் பயிற்சியாக எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.

உன் தங்கையைக் கட்டி மாட்டிக்கொண்ட
உன் மாப்பிள்ளை