தாழ்ப்பாள் இல்லாத கதவு

அன்பு மகள் கனிமொழிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். பருத்திப்பட்டில் நல்ல மழை, அப்பா முட்டிவலியோடும் ஏரிக்கரையில் நடந்துவிட்டுத்தான் வருகிறார். போனில் பேசினால் ஆத்திரத்தில் உளறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உனக்குப் பேசியிருக்கும் கோகுல்நாத் லீவில் வந்திருக்கிறார் இல்லையா, அவருடைய அப்பா வீரராகவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் தங்கள் தையல் கம்பெனியைப் பார்க்கக் கூப்பிட்டார், போனோம். வரிசையாக மெஷின், எல்லாம் பெண்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் எனக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கதவில் தாழ்ப்பாளே இல்லை, கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டைகள்தான். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து ஜமீலா என்ற பெண் ஓடிவந்து, "நீங்க போங்கம்மா, நான் கதவ புடிச்சிகினு நிக்கிறேன். நாங்க ஜோடியாதான் வருவோம், கூட வர ஆள் இல்லன்னா தண்ணியே குடிக்க மாட்டோம்" என்றாள். ஏன் இப்படி என்று வீரராகவனிடம் கேட்டேன். "தாப்பா இருந்தா உள்ளயே குந்திகினு போன் பாக்குதுங்கம்மா" என்றார். இது சுரண்டல் இல்லையா என்றேன். "சுரண்டல்னா கூலி குடுக்காம ஏமாத்தறது. நான் ஒண்ணாந்தேதி டாண்ணு குடுத்துடறேன்" என்று சிரித்தார். நானும் அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம் என்று நினைத்திருந்தவள்தான். வேறு போக்கிடம் இல்லாதவள், எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்வாள் என்று தெரிந்துகொண்டு அவள் மானத்தில் கைவைப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? அப்போதுதான் கோகுல்நாத் பெருமையாக, "ஐடியா என்னோடதுதான் ஆன்ட்டி, அப்புறம் வேலை எவ்ளோ ஸ்பீடாச்சு தெரியுமா" என்றான். இனிமேல் அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் அப்பா, எல்லாக் கம்பெனியிலும் இதுதானே நடக்கிறது என்றார். நம் கனி அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தால் என்று கேட்டேன். மறுநாள் அவரே வீரராகவனுக்குப் போன் போட்டு, நீ பதில் சொல்லும்வரை நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று தெரியும் கண்ணு. முடிவு உன்னுடையதுதான், ஆனால் பதில் சொல்வதற்கு முன் இதை அவனிடமே கேட்டுவிடு, மறந்துவிடாதே. அவனையே கட்டிக்கொண்டாலும் நீ என் மகள்தான், வந்து அட்சதை போடுவேன். அந்த வீட்டில் மட்டும் கை நனைக்க மாட்டேன்.

மனதுக்கு ஏற்ற துணையோடு நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கஸ்தூரி