மழைக்காலத்து உப்புக் குவியல்

அத்தை,

பீரோவைத் திறந்ததும் உங்கள் வாசனைதான் முதலில் வந்தது. பைனாகுலரின் வாரில் இன்னும் உங்கள் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம் துடைப்பதையே விட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு வருகிற முதல் மழைக்காலம் இது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன். பின்பக்க ஜன்னலைத் திறக்கவே இல்லை. இன்று லீவு. மழை விட்டிருக்கிறது. என்னவோ தோன்றி, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன்.

சுனாமி வந்த அடுத்த வருஷம், கோடையில்தானே உப்பளத்து வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டீர்கள்? பாண்டியில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். வாக்கரைத் தொடவே மாட்டேன் என்றீர்கள். "நான் நடந்து எங்கடி போவப்போறேன்? உப்பு வார வான்னு எவன் கூப்பிடப்போறான்?"

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது உங்களுக்குத் தெரியாது. "இப்படியே படுத்திருந்தாங்கன்னா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்கம்மா." உங்கள் மகன் கெஞ்சினார், கத்தினார், கடைசியில் அழுதார். நீங்கள் அசையவில்லை. நான் வாக்கர் மேல் ஈர ஜாக்கெட்டுகளைக் காயப்போட ஆரம்பித்தேன். அவ்வளவுதான் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டியிருந்தேன், அத்தை.

அப்போதுதான் நான் வேலை பார்க்கும் ஆரோவில் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு அம்மா, ஊருக்குப் போகும்போது இந்தப் பைனாகுலரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் மங்கல். பொழுது போகட்டும் என்று உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் பறவையா பார்த்தீர்கள்? பின் வீட்டு அடுப்பைத்தான் பார்த்தீர்கள். "கருவாட்டுக் குழம்புல பீட்ரூட்டப் போடுறாடி, விளங்குமா?" ஊரே பயந்து பின்கதவைச் சாத்தியது. கதவெல்லாம் சாத்திய பிறகு வேறு வழியில்லாமல் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்த்தீர்கள். "இவ்ளோ நீலமாவா இருக்குது இது?" என்று கேட்டீர்கள். மாசக்கணக்கில் நீங்கள் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

ஐப்பசி முடிந்து ஒரு காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரே கத்தல்.

"ஏண்டி, இங்க வா! இந்த மாசத்துல எவன்டி உப்பு வார்றான்?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உப்பளத்துப் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் முட்ட நிற்கிறது. வாரிய உப்பெல்லாம் வரப்பு மேலே பனையோலை மூடிக் கிடக்கிறது. தை பிறக்காமல் யாரும் உப்பளத்தில் கால் வைப்பதில்லை. நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். தூரத்துப் பாத்தியில், தண்ணீர் நடுவிலே, வெள்ளை வெள்ளையாக வரிசையாய்க் குவியல்கள்.

"ஓலைகூட மூடாம! மொதலாளிக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மழையில எல்லாம் கரைஞ்சு போயிடுமேடி!"

முப்பது வருஷம் வாரிய கை, பொறுக்குமா? பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டீர்கள். கண்ணில் வைத்து மறுபடி பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, "குவியல் நடக்குதுடி" என்றீர்கள்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தீர்கள். ஆமாம், நின்றுகொண்டிருந்தீர்கள்! உங்களுக்கே அது தெரியவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவீர்களோ என்று மூச்சுகூட விடாமல் இருந்தேன். என் பஸ் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

"என்னை அங்க கூட்டினு போ."

"ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"ஆட்டோ சத்தத்துக்குப் பறந்துடும்டி. அந்த எழவு வாக்கரைக் கொண்டா."

ஜாக்கெட்டுகளை அள்ளி வீசினேன். அன்று சமையல்கட்டு வரைக்கும்தான் வர முடிந்தது. வலியில் டாக்டர் குடும்பத்தையே திட்டினீர்கள். மறுநாள் வாசல். பிறகு தெருமுனை. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன், "போயிடலையே? இருக்குதில்ல?" என்று கேட்பீர்கள். அவை போய்விடக் கூடாதே என்று நானும் வேண்டாத சாமி இல்லை.

மார்கழிப் பனியில் ஒருநாள் வரப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். சேற்றில் வாக்கரின் கால்கள் இறங்கிவிட்டன. "எனக்கு முன்னாடி இது விழுந்துடும் போல. வுடு இத" என்று அதைத் தள்ளிவிட்டு என் தோளைப் பிடித்தீர்கள். விழுந்த அதே வரப்பில், என் தோளை நசுக்கிக்கொண்டு, நடந்தீர்கள். நம் காலடிச் சத்தத்துக்கு அந்தக் கூட்டம் தலை தூக்கியது. பிறகு மொத்தமாக எழும்பியது. இறக்கைக்குள்ளே அத்தனையும் சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. பூநாரை என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள், சிரிக்கவும் செய்தீர்கள். நானும்தான்.

"முப்பது வருஷம் இங்கியே கெடந்தனேடி. இதெல்லாம் எங்க இருந்துது?"

"வேலை இல்லாத மாசத்துலதான வருதுங்க, அத்தை. அப்ப நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்களே."

"அப்ப இனிமே வேலை இல்லாதப்பதான் வரணும்" என்றீர்கள். சொன்னபடி செய்தீர்கள். அந்தப் பொங்கலுக்கு நின்றுகொண்டே பானை வைத்தீர்கள். அடுத்த செக்கப்புக்கு டாக்டர் ரூமுக்குள் நடந்து போய், அவர் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றீர்களே, அந்தத் திமிரை என்னவென்று சொல்ல! எத்தனை மழைக்காலம் அந்த வரப்பில் நடந்தோம்! கடைசியில்கூட நீங்கள் படுக்கையில் கிடந்து போகவில்லை. சாயங்காலம் தெருமுனை வரை போய்வந்து, சாப்பிட்டு, தூங்கியவர் தூங்கியவர்தான்.

இப்போது ஜன்னலைத் திறந்தேன், அத்தை. பைனாகுலரின் ஒரு பக்கம் இன்னும் மங்கல்தான். மறுபக்கத்தில் தூரத்துப் பாத்தி தெரிகிறது, தண்ணீர் நடுவிலே வெள்ளை வெள்ளையாய், ஓலை மூடாமல்.

"இந்த மாசத்துல எவன்டி உப்பு வார்றான்?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். உங்கள் மகன் காபி டம்ளரோடு ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "இரு, வண்டியை எடுக்கறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடந்தே போகிறேன். வண்டி சத்தத்துக்குப் பறந்துவிடும்.