மாடி மாப்பிள்ளையும் மண் மாப்பிள்ளையும்

8 நவம்பர் 2009, ஞாயிறு

பசுந்தாங் பேட்டை வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் ஆறாம் மாடி பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கி, கடைச் சாமானை மேலே இழுக்கும் கூடைக் கயிறு, இன்று காலை பணியில் இருக்கும்போதே அறுந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மொஹிங்கா சேதம் இரண்டு பொட்டலம். அந்த நூடுல்ஸ் மீன் குழம்பில் நனைந்தவன் கீழ்வீட்டு பாலா. என் கூட்டாளி என்பதால் வழக்கு இல்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டது யார் என்ற விசாரணையில் உதுமான், வயது பதினாறு, என்பவரின் பெயர் அடிபடுகிறது. அதாவது நான்.

இன்னொரு செய்தியும் உண்டு. சின்னதுதான். என் அக்கா அப்ஸானா லாத்தாவுக்கு ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளை. தரகர் காஜா மைதீன் மாமா ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கி, இரண்டு போட்டோவை உம்மா மடியில் வைத்தார். ரெண்டு பேரும் இங்கிருந்து அமெரிக்கா போனவர்கள். முஜிபுர் ரஹ்மான் ஹூஸ்டனில். தரையோடு சொந்த வீடு. அஜ்மல் சிக்காகோவில், முப்பத்தோராம் மாடியில் வாடகை வீடு.

ரெண்டில் எது என்று உம்மா முடிவு செய்ய வேண்டும். பெருநாள் கழிந்ததும் பதில்.

9 நவம்பர்

உம்மா சிக்காகோ போட்டோவை ஒரே பார்வையில் ஓரம் வைத்துவிட்டாள்.

"முப்பத்தொண்ணாவது மாடியா? பாவம், அவ்வளவு கஷ்டப்படுற புள்ளையா."

எங்கள் தெருவில் இந்தக் கணக்கு சரி. லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் இருப்பவன் பணக்காரன். மேலே போகப் போக வாடகை குறையும், முழங்கால் வலி கூடும். நாங்கள் ஆறாவதில் இருப்பது காற்று வாங்க இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க நிபுணன் ஆயிற்றே. "அங்கேயும் ஏறித்தான் போகணும் உம்மா. லிஃப்ட் இருக்கும், கரண்ட் இருக்கணுமே. கூடை மேலே வந்து சேர்றதுக்குள்ளே மொஹிங்கா ஐஸ் ஆயிடும். சிக்காகோவிலே சிக்கினா இறங்கவே முடியாது."

வாப்பா சிரித்தார். உம்மா தலையாட்டி ஹூஸ்டன் போட்டோவைக் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். லாத்தாவும் சிரித்தாள். கொஞ்சம் பிந்தி.

11 நவம்பர்

மண் மாப்பிள்ளை 1. மாடி மாப்பிள்ளை 0.

15 நவம்பர், ஞாயிறு

என் நிபுணத்துவத்தின் மூலதனம்: பன்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய பழைய காலண்டர். மாதத்துக்கு ஓர் அமெரிக்க நகரம், தூரத்திலிருந்து எடுத்தது. பேரை மூடிவிட்டு பாலா கேட்பான், நான் சொல்வேன். நியூயார்க் — தண்ணீர் ஓரத்தில் சீப்பைக் கவிழ்த்த மாதிரி. சிக்காகோ — ஏரிக்கரை முழுக்க வரிசை, நடுவில் கறுப்பாய் ஒரு கோபுரப் பெரியவர். லாஸ் ஏஞ்சலஸ் — ஒரே ஒரு கொத்து, மற்றதெல்லாம் தட்டை. ஹூஸ்டனும் அப்படித்தான், முன்பல் மட்டும் மிஞ்சிய வாய். தப்பே விட்டதில்லை. "நீ பொறந்ததே அமெரிக்காவிலேதான், கொண்டுவந்து கொட்டினது பசுந்தாங்கிலே" என்றான் பாலா. மறுக்கவில்லை.

மாலையில் துணி உலர்த்தும்போது லாத்தா கேட்டாள். "உதுமான், ஹூஸ்டன்லே வீட்டு வாசல்லே ஆள் நடக்குமா?"

"காலண்டர்லே கட்டிடத்தைப் பார்த்தியா? அவ்வளவு உசரம் கட்டினா ஆளில்லாமலா? எறும்பு மாதிரி இருக்கும்."

அவள் இரண்டு போட்டோவையும் எடுத்து வந்தாள். ஹூஸ்டனில் வீடு, புல், இரண்டு கார். ஆள் இல்லை. சிக்காகோவில் ஜன்னலோரம் அஜ்மல் நிற்கிறார். அவருக்குப் பின்னால் எதிர்க் கட்டிடத்து ஜன்னல்கள்.

"இங்கே பார். யாரோ ஒரு அம்மா துணி தேய்ச்சுக்கிட்டிருக்கு."

உற்றுப் பார்த்தேன். இருக்கிறது. பட்டாணி அளவு. இதை எத்தனை தடவை பார்த்திருப்பாள்?

"எனக்கு யாராவது பக்கத்திலே இருக்கணும்டா. இங்கே கரண்ட் வந்தா தெருவே மீ லா பீ, வெளிச்சம் வந்துடுச்சுன்னு கத்துது. அங்கே கத்தாட்டிப் பரவாயில்லே. இருமுற சத்தமாவது கேக்கணும்."

நான் ஏதோ இருமல் மருந்து ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

20 நவம்பர், வெள்ளி

ஜும்ஆ முடிந்து நெட் கடை. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்தேன்.

அடர்த்தி. லாத்தாவின் முடிக்குச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன், ஊருக்கும் உண்டாம். ஒரு சதுர மைலுக்கு எத்தனை பேர் என்பது. சிக்காகோவில் ஹூஸ்டனைப் போல மூன்று மடங்குக்கு மேல். இன்னொன்று படித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன் — புறநகரையும் சேர்த்து அளந்தால் நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சலஸ் நெருக்கமாம். அந்தத் தட்டை ஊர்.

அப்போ காலண்டர்? உயரத்தைப் பார்த்துக் கூட்டத்தைச் சொன்னேனே, அது? ஹூஸ்டன் கோபுரங்களில் பகலில் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் காரேறி எங்கெங்கோ போய்விடுகிறார்களாம். முஜிபுர் ரஹ்மான் வீடு அந்த எங்கெங்கோவில் ஒன்று. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் கோபுரம். உள்ளே குடியிருக்கப் போகிறவளுக்குப் பக்கத்து ஜன்னல்தானே ஊர்?

எறும்பு மாதிரி என்று சொன்னேன். எந்த வாயால் சொன்னேன்.

22 நவம்பர்

உம்மாவிடம் சொன்னேன். முப்பத்தோராம் மாடி ஏழ்மை இல்லை, அங்கே கரண்ட் போகாது, லிஃப்ட் நிற்காது, நான் சொன்னதெல்லாம் கப்சா.

"அன்னைக்கு ஏறித்தான் போகணும்னே. இன்னைக்கு ஏறவே வேணாம்கிறே. நீ எதைத்தான்டா நெசமாச் சொல்லுவே?" வெங்காயம் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

போன மாதம் பூனை குட்டி போட்டது என்று கூப்பிட்டு, கூடைக்குள் வாப்பாவின் தொப்பியைக் காட்டியவன் நான். யார் நம்புவார்கள்?

லாத்தாவிடமும் சொன்னேன், ஹூஸ்டனைப் பற்றித் தெரியாமல் உளறிவிட்டேன் என்று. "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

25 நவம்பர்

சொன்னால் நம்பாத உம்மாவுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

29 நவம்பர், ஞாயிறு

நேற்று பெருநாள். இன்று அதே புதுத் துணியோடு உம்மாவையும் லாத்தாவையும் ஊர் நடுவில் சூலே பக்கத்து இருபது மாடிக் கட்டிடத்துக்குக் கூட்டிப் போனேன். உச்சியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, யாரும் போகலாம். லிஃப்டில் நானே முன்னால் நின்று, பயப்படாதீங்க என்று உம்மாவைத் தைரியப்படுத்தி, இயந்திரம் வேலை செய்யும் விதத்தை விளக்கியபடி ஏறினேன்.

உம்மா ஒரு சலவாத்து ஓதி முடிப்பதற்குள் உச்சி வந்துவிட்டது. மேலே கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உம்மா அவர்களையே பார்த்தாள்.

"பணக்காரங்க எல்லாம் உச்சியிலே வந்து உக்காந்திருக்காங்க."

"அதான் உம்மா."

பிறகு கண்ணாடியோரம் போய்க் கீழே பசுந்தாங் எங்கே என்று தேடினாள். எங்கள் வீடு தெரியவில்லை. கூரை, கூரை, கூரை. அப்படியே திரும்பாமல் லாத்தாவிடம் கேட்டாள், "உனக்கு எதும்மா வேணும்?" இத்தனை நாளில் யாருமே கேட்கவில்லை. நான் உட்பட.

"ஆள் நடமாட்டம் இருக்கிற இடமா இருக்கணும் உம்மா."

வரும் வழியில் பஸ் ஜன்னலில் உம்மா ஒவ்வொரு கட்டிடத்துக்கும் மாடி எண்ணிக்கொண்டு வந்தாள்.

30 நவம்பர்

அலமாரியில் போட்டோ மாறியிருக்கிறது.

6 டிசம்பர், ஞாயிறு

காஜா மைதீன் மாமா வந்தார், மூச்சு வாங்கினார், சிக்காகோவுக்குச் சரி என்று பதில் வாங்கிப் போனார். அஜ்மல் மார்ச்சில் வருகிறார், நிக்காஹ் இங்கேயே. லாத்தா டீ கொடுக்க வந்தபோது சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருந்தாள். மாமா குடித்துவிட்டார், நல்ல மனுஷர்.

தெரு முழுக்க, லபெயே டீக்கடை உட்பட, இது என்னால் நடந்த சம்பந்தம் என்று சொல்லி வருகிறேன். பாலா கேட்டான், "அவ்வளவு உசரத்திலே உனக்குப் பயமா இல்லே?" பயமா, எனக்கா என்றேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். போன ஞாயிறு எழுதியதில் கொஞ்சம் திருத்தம். அதுதான் நான் லிஃப்டில் ஏறிய முதல் தடவை. கதவு மூடியதுமே உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். நான் எதையும் விளக்கவில்லை. கண்ணை மூடி உம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அந்த சலவாத்து அவள் எனக்காக ஓதியது. மேலே கண்ணாடிப் பக்கமே போகவில்லை. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் தரத்தை ஆராய்வதாகச் சொன்னேன். உம்மா பசுந்தாங்கைத் தேடியதும் வீடு தெரியாததும் அவள் சொல்லிக் கேட்டதுதான். இறங்கும்போது லிஃப்டில் வர மறுத்து இருபது மாடியும் படியில் வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் கீழே காத்திருந்தார்கள்.

லாத்தாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்: சிக்காகோவுக்கு வந்தால் நான் தெருவில்தான் நிற்பேன், நீ இறங்கி வா.