ஒசாகாவில் தொலைந்தவன்

இன்று காலை வைத்திக்குப்பம் பக்கம் நடக்கப் போயிருந்தேன். படகுகள் கரையேறி, மீனெல்லாம் விற்றுத் தீர்ந்த நேரம். ஒருத்தி தணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகி, சாறு கசிந்து பாகாகும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஒசாகாவின் நினைவு வந்தது. இதைச் சொல்ல நீ இல்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஜவுளிக்கடைக்கு ஜப்பான் பட்டை நேராகவே வரவழைக்கலாம் என்பது உன் யோசனை. தரகர் அனுப்பிய சரக்கு ஒரு தடவை நன்றாக இருந்தால் மறுதடவை முதல் சலவைக்கே சாயம் விட்டது. "நாமளே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்டா. நீ துணியப் பாரு, நான் பேச்சப் பாத்துக்கறேன்" என்றாய். நீ பாதிரிச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவன். இங்கிலீஷும் கொஞ்சம் வரும். எனக்குத் தமிழை விட்டால் துணிதான் தெரியும்.

கொழும்பில் கப்பலேறி, சைகோனைத் தாண்டி, கோபேயில் இறங்கி, ரயிலில் ஒசாகா போய்ச் சேர்ந்தோம். நம் ஊரில் வெள்ளைக்காரர் தெருக்களையும் நம் தெருக்களையும் பிரிக்க ஒரே ஒரு வாய்க்கால் போதும். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு பாலம், அதற்கப்பால் புகைபோக்கிகள். ஒருவன் தோளில் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிப் போனான். கடைக்குள் நுழைந்தால் குனிந்து வணங்கினார்கள். வெளியே வந்தாலும் வணங்கினார்கள். "நம்ம கடையப் பெருக்கற மேரிகூட இத்தன தடவ குனிஞ்சதில்ல" என்றாய். போலீஸ்காரரிடம் பிரெஞ்சில் வழி கேட்டாய். அவரும் குனிந்தார். அதோடு சரி.

இரண்டாம் நாள்தான் அது நடந்தது. பூமிக்கடியில் ஓடும் ரயிலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நீ இழுத்துப் போனாய். சுவர் ஓடுகள் வெள்ளைவெளேரென்று பளபளத்தன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீ ஏறிவிட்டாய். கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் நீ கையைக் கீழ்நோக்கி ஆட்டினாய். அங்கேயே நில் என்று சொல்லியிருக்கிறாய். வா என்பதாக எனக்குப் பட்டது. அடுத்த ரயிலில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அதே நேரம் நீ எதிர்ரயிலில் என்னைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாய்.

மேலே ஏறி வந்தால் முன்பின் தெரியாத தெரு. விடுதியின் முகவரிச் சீட்டு உன் பையில். நல்ல குளிர் வேறு. காலையில் மீன் வாடை தாங்காமல் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாலத்து ஓரம் ஒரு கிழவர் பெரிய மண்ஜாடிக்குள் கிழங்குகளைத் தொங்கவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். காசு நீட்டியும் வாங்கவில்லை. உன் மனைவியிடம் என்ன சொல்வேன், நான் எப்படி ஊர் போய்ச் சேருவேன் என்று கலங்கிக்கொண்டே அதைத் தின்று முடித்தேன். அத்தனை கலக்கத்திலும் கிழங்கு ருசித்தது.

பாலத்தைத் தாண்டியதும் தெரு முழுக்கத் துணிக்கடைகள். தானாக ஒரு கடைக்குள் போய்விட்டேன். ஐம்பது வயதிருக்கும் அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்த நம் மாதிரித் துணிகளை எடுத்துக் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் துணிகள் இரண்டை என் முன் வைத்தார். இரண்டும் ஒரே மினுமினுப்பு. நான் ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவிக் கணப்புச் சட்டியில் காட்டினேன். ஒன்றில் காகிதம் எரிகிற வாடை. மற்றதில் முடி பொசுங்குகிற வாடை. அதுதான் அசல் பட்டு என்று தொட்டுக் காட்டினேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். டீ வந்தது. ஒரு வார்த்தையும் புரியாமல் ஒரு மணி நேரம் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நீ வாசலில் வந்து நின்றாய். தொப்பியைக் காணோம், அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

"மேலயும் கீழயும் நாலு தடவ போய் வந்துட்டேன். அப்பறம் யோசிச்சேன், இவன் எங்க போவான்? துணி இருக்கற எடத்துக்குத்தான் போவான். ஒவ்வொரு கடையா எட்டிப் பாத்துகிட்டே வரேன்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அந்த அம்மாள் நம் பக்கம் முதுகைத் திருப்பி, அடுக்கியிருந்த துணியையே மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அந்தக் கடைச் சரக்கு இதுவரை ஒரு தடவைகூடச் சாயம் விட்டதில்லை.

ஊர் திரும்பியதும் உன் வீட்டில் விருந்து. எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "நான் அங்க தொலஞ்சே போயிட்டேன். இவன்தான் கட கடயாத் தேடிக் கண்டுபுடிச்சான். சின்னக் கொழந்தயாட்டம் அழுதேன்." எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. நான் வரும்போதெல்லாம் உன் பிள்ளைகள் அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன கல்லறைத் திருநாளன்று உன்னைப் பார்க்க வந்திருந்தேன். உன் மனைவி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். ஒசாகாவுல தொலஞ்சது அவன் இல்ல, நான்தான்."

காற்றில் சுடர் அணையாமல் கையால் மறைத்தபடியே சொன்னாள்: "தெரியும்ண்ணே. வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. பசங்களுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் இத்தன வருஷமா அவனக் கேலி பண்ணீங்க?"

"நீங்க வந்தா அப்படித்தான் சிரிக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு."

எனக்காக ஒரு வீடே சேர்ந்து நடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு நிறைந்திருந்தது. இப்போது கடைக்கு வருகிற யார் ஜப்பான் கதை கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். தொலைந்தது நான், தேடி வந்தது என் கூட்டாளி.