மாஸ்டர் அள்ளிப் போட்ட உப்பு

14 ஆகஸ்ட் 2009, வெள்ளி

நேற்று கத்தியது இன்னும் உறுத்துகிறது.

சாயப்பட்டறை லேப்பில், ஒரு டிரம் வெல்லத் தண்ணீரில், இளஞ்சிவப்பாக வளரும் ஒரு வகை ஈஸ்ட் நுண்ணுயிரை வளர்க்கிறேன். அந்த நிறத்தைப் பிரித்தெடுத்துக் குழந்தைகள் பனியனுக்குச் சாயமாக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு மாதமாக நிறம் வெளுப்பாகவே வந்தது.

நேற்று நான் சாப்பிடப் போன நேரத்தில், சாயமேற்றும் பழனிச்சாமி மாஸ்டர் அந்த டிரம்மில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டார்.

“உப்பு போடாம சாயம் எப்படீங்க மேடம் புடிக்கும்?”

“இது சாயத் தண்ணி இல்லீங்க, உசுரு! கொன்னுட்டீங்களே!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

இன்று சாயங்காலம் கொட்டிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். ஈஸ்ட் சாகவில்லை. உப்பைத் தாங்கிக்கொள்ளத்தானோ என்னவோ, பவழம் போலச் சிவந்திருந்தது.

ஓடிப்போய் மாஸ்டரிடம் கேட்டேன். “எவ்வளவுங்க போட்டீங்க?”

“கைக்கு வந்ததுதானுங்க.”

கூட்டிவந்து மறுபடி அள்ளச் சொல்லி, தராசில் நிறுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. லேப் நோட்டில் ‘உப்பு: பழனிச்சாமி மாஸ்டர் கைப்பிடி ஒன்று’ என்று எழுதி, பக்கத்தில் எடையைக் குறித்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார்.

“இனிஷியலையும் போட்டுருங்க மேடம்.”

போட்டேன்.